தடித்த முள், மெலிந்த முள்

ஏப்ரல் 22, திங்கள்

கஜா புயல் எங்கள் தென்னைகளை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுப் போன மறு வருஷம் இது. கடையில் பிளாஸ்டிக் பை கூடாது என்று உத்தரவு வந்து, மீன் வாங்க வருகிறவர்கள் எவர்சில்வர் தூக்கோடு வந்து நிற்கிற வருஷம். போன வியாழக்கிழமை ஓட்டுப் போட்ட மை இன்னும் என் விரலில் இருக்கிறது. இவ்வளவு சொன்னால் எந்த வருஷம் என்று யாருக்கும் சந்தேகம் வராது.

நான் அஞ்சப்பன். எழுதப் படிக்கத் தெரியாது. ஐஸ் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது என்று மருமகள் வேதவல்லி எடுத்து வைத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். "நீங்க பேசுற மாதிரியே எழுதுனா யாருக்கும் புரியாது மாமா, கொஞ்சம் திருத்தி எழுதுறேன்" என்றாள். திருத்தலாம். கூட்டக் கூடாது.

எழுத வைத்தது நேற்று நடந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் கிடக்கிறது. மகன் தேசிங்கு படகுக்குள் தேங்கிய தண்ணீரை மோட்டாரால் இறைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேட்டரியைச் சேர்த்துக் கட்டி, வீட்டில் மிக்ஸிக்குப் போடுகிற அதே பிளக்கில் மோட்டாரைச் சொருகியிருந்தான். தண்ணீர் வற்றியதும் ஓடுகிற மோட்டாரின் பிளக்கை அப்படியே பிடுங்கினான். பொறி வந்தது. வருவதுதான். ஆனால் இந்தப் பொறி வந்து போகவில்லை. பிளக்குக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு நெல் நீளத்துக்கு நின்றது. பக்கத்தில் பெட்ரோல் கேன் மூடி திறந்திருந்தது. புஸ் என்றது.

மணலை வாரிப் போட்டு அணைத்தோம். தேசிங்கின் முன்கை முடி பூராவும் கருகிவிட்டது, உள்ளங்கையில் கொப்புளம். படகு தப்பியது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. வீட்டில் பிளக்கைப் பிடுங்கினால் பொறி கண் சிமிட்டிவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் கரண்டு ஆளைக் கொல்லும். பேட்டரிக் கரண்டு கொல்லாது. நான் நாக்கை வைத்தே பார்த்திருக்கிறேன், புளிக்கும், அவ்வளவுதான். கொல்லாத கரண்டின் பொறி ஏன் நிற்கிறது?

ஏப்ரல் 23, செவ்வாய்

தேசிங்கின் கைக்கு மருந்து போட்டார்கள். என் கேள்வியைக் கேட்டேன். "அப்பா, எரிச்சல்ல இருக்கேன், அந்தாண்ட போ" என்றான்.

ஏப்ரல் 27, சனி

வேதவல்லியோடு பஸ் ஏறி நாகப்பட்டினம் போனேன். படகுச் சாமான் விற்கிற தாவூது பாய் கடை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். கேட்டேன்.

"பெரியவரே, வீட்டுக் கரண்டு போறதும் வர்றதுமா இருக்கும். நடுவுல நடுவுல மூச்சு விடும். மூச்சு விடுற நேரத்துல பொறி செத்துரும். பேட்டரி மூச்சே விடாது. ஒரே போக்கு. அதனால பொறி புடிச்சுக்கிட்டு நிக்கும்."

"நாக்குல வச்சா ஒண்ணும் பண்ணலியே?"

"நாக்குலயா வச்சீங்க?" என்று வேதவல்லியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். "உங்க நாக்கைச் சுடாது, கம்பியைச் சுடும். ரெண்டு கம்பியும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுச்சுன்னா கொல்லன் உலை மாதிரி பழுக்கும்."

"அப்ப பொறி வராத பிளக்கு ஒண்ணு குடுங்க."

"அப்படி எவனும் செய்யல. பிளக்கைப் புடுங்கி மோட்டாரை நிறுத்துறதுதான் தப்பு. மொதல்ல சுவிட்சு. சுவிட்சும் டி.சி.க்கு, அதாவது பேட்டரிக் கரண்டுக்குன்னே செஞ்சதா இருக்கணும், வீட்டுச் சுவிட்சைப் போட்டா உள்ளயே ஒட்டிக்கும். அணைச்ச பொறவு பிளக்கு. பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒரு பியூஸ்."

பிறகு என்னென்ன பிளக்கு இருக்கிறது என்று கேட்டேன். மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது நம் வீட்டு மூன்று முள் பிளக்கு. இரண்டாவது காரில் சிகரெட் பற்ற வைக்கிற ஓட்டையில் சொருகுகிறது, சுண்டுவிரல் போல. மூன்றாவது உருண்டையாக, கறுப்பாக இருந்தது. ஒரு முள் தடிப்பு, ஒரு முள் மெலிவு. சொருகிவிட்டு மேலே ஒரு வளையத்தைத் திருக வேண்டும். மூன்றையும் வாங்கிவிட்டேன். எது நல்லது என்று அவரே சொல்லத் தயாராக இருந்தார். நான்தான் கேட்கவில்லை. நானே பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மூன்று பிளக்கையும் அதனதன் ஓட்டையில் சொருகி வாசல் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலையும் மாலையும் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்துத் தெரு சன்னாசி வந்தான். "என்னா சித்தப்பா, புது மாதிரி கருவாடா இருக்கு?"

"வறுத்துத் தர்றேன், திங்கிறியா?"

"முள்ளு அதிகமா இருக்கும் போலருக்கே" என்று போனான்.

மே 1, புதன்

எதிர் வீட்டு வாசலில் நின்று ஒருத்தி தன் ஆட்டிடம் சொன்னாள்: "ஏ ஆடே, எதிர்த்த வூட்டுல பிளக்கு காயப் போட்டுருக்காங்க. போயி கடிச்சிப்புடாத. தெரு வழியா போறவங்க சிரிக்கிறது போதும்."

எங்கள் வீட்டில் ஆடு இல்லை. கோழியிடம் சொன்னேன்: "ஏ கோழி, அவங்க அவங்க ஆட்டை அவங்க அவங்க பாத்துக்கட்டும்."

எதிர் வீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றேன். வேதவல்லி பேனாவை மூடிவிட்டாள்.

மே 2, வியாழன்

எழுதாவிட்டால் படிக்கிறவருக்குப் புரியாது என்கிறாள். சரி.

எங்கள் நாலு படகு ஒன்றாகக் கடலுக்குப் போகும். தேசிங்கின் படகு, எதிர் வீட்டுக் கலியனின் படகு, சன்னாசியின் படகு, அவன் தம்பியின் படகு. எந்தப் படகின் பேட்டரி செத்தாலும் பக்கத்துப் படகு தன்னுடையதில் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும். பேட்டரி இல்லையென்றால் வெளிச்சம் இல்லை, வயர்லெஸ் இல்லை. கப்பல் போகிற பாதையில் வெளிச்சம் இல்லாத படகு என்றால் என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இது எங்களுக்குள் உள்ள பழக்கம்.

கஜா வந்து கரண்டு கம்பமெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் தெரு இருட்டில் கிடந்தது. படகுப் பேட்டரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எல்லோர் வீட்டிலும் இருந்தது வீட்டுப் பிளக்குதானே, அதையே எல்லாவற்றுக்கும் மாட்டினோம். விளக்குக்கும் அது, வயர்லெஸ்ஸுக்கும் அது. கலியனின் வயர்லெஸ்ஸுக்கு மாட்டிக் கொடுத்தது தேசிங்கு. கரண்டு திரும்பி வந்த அன்று தெருவே கைதட்டியது. அந்தச் சந்தோஷத்தில் எதிர் வீட்டில் யாரோ வயர்லெஸ்ஸின் பிளக்கைச் சுவரில் சொருகிவிட்டார்கள். பொருந்தியது. எரிந்தது.

"மச்சான் மாட்டுன பிளக்காலதான் போச்சு" என்றான் கலியன்.

"சொவத்துல சொருகச் சொன்னது நானா?" என்றான் தேசிங்கு.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. புயலுக்குப் பிறகு படகு சரி செய்யவே மாதங்கள் போய்விட்டதால் இன்னும் சேர்ந்து கடலுக்கும் போகவில்லை. ஜூன் பாதியில் தடை முடியும். அப்போது போக வேண்டும்.

கலியன் என் மருமகன். என் அக்காள் மகன்.

மே 9, வியாழன்

வீட்டுப் பிளக்கின் முள்ளில் பச்சை பூத்துவிட்டது. உருண்டைப் பிளக்கைத் திறக்கவில்லை. பொறுமையாக இருக்கிறேன்.

மே 12, ஞாயிறு

காரில் போடுகிற பிளக்கைச் சோதித்தேன். சன்னாசியின் மீன் வண்டியில் ஒரு பேட்டரியும் விளக்கும் வைத்து, அந்தப் பிளக்கைச் சொருகி, நான் ஏறி உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடச் சாலையில் போகச் சொன்னேன். அந்தச் சாலையில் பள்ளமும் மேடும் அலை போலத்தான் இருக்கும். கோயில் தாண்டுவதற்குள் பிளக்கு மூன்று முறை துள்ளி வெளியே வந்துவிட்டது.

"இதுதான் டெஸ்டா சித்தப்பா? எனக்கு இடுப்புல டெஸ்டு ஆவுது" என்றான் சன்னாசி.

கடலில் அலை அடித்தால் இந்தப் பிளக்கு நிற்காது. அது கழிந்தது.

மே 18, சனி. வைகாசி விசாகம்.

கோயிலில் எதிர் வீட்டுக்காரி எனக்கு முன்னால் நின்றாள். கண்ணில் புரை வந்துவிட்டது போல, தீபாராதனைத் தட்டைத் தடவித்தான் கண்டுபிடித்தாள். எவ்வளவு நாளாக இப்படி என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

மே 20, திங்கள்

உருண்டைப் பிளக்கைத் திறந்தேன். உள்ளே காய்ந்திருந்தது! வளையத்துக்கு அடியில் ரப்பர். இத்தனை நாள் ஊற்றிய கடல் தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. வீட்டுச் சுவர் ஓட்டையில் அழுத்திப் பார்த்தேன், நுழையவே இல்லை. திருப்பிச் சொருகப் பார்த்தேன், தடித்த முள் மெலிந்த ஓட்டையில் போகாது. வளையத்தைத் திருகிவிட்டு இழுத்தேன், வரவில்லை. தேசிங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் இழுத்துப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு வந்தது. கை சுட்ட நாளிலிருந்து இன்றுதான்.

மே 23, வியாழன்

டி.வி.யில் ஓட்டு எண்ணுகிறார்கள். ஊரே அங்கே. நான் படகில்.

முள் இருக்கிற பாதியைப் பேட்டரியில் மாட்டலாமா, ஓட்டை இருக்கிற பாதியை மாட்டலாமா? இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து முள்ளைப் பேட்டரிப் பக்கம் மாட்டிவிட்டேன். நண்டு வலையின் இரும்புக் கம்பி ஒன்று பக்கத்தில் கிடந்தது. காற்றில் உருண்டு வந்து இரண்டு முள்ளுக்கும் குறுக்கே விழுந்தது. பழுத்துச் சிவந்தது. கொல்லன் உலை என்று தாவூது பாய் சொன்னது இதைத்தான். பியூஸ் போட்டிருந்ததால் உடனே அறுத்துக்கொண்டது.

பேட்டரிப் பக்கம் ஓட்டை. விளக்குப் பக்கம் முள். முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதில் உயிர் இருக்கக் கூடாது.

"நல்லா படிச்சிட்டீங்க மாமா" என்கிறாள் வேதவல்லி. சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

மே 30, வியாழன்

மழை. பிளக்கு நனைந்தது. நல்லது.

ஜூன் 5, புதன். ரம்ஜான்.

தாவூது பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கொண்டுவந்த ஆள் ஒரு செய்தியும் கொண்டுவந்தார். எதிர் வீட்டுக் கலியனும் அதே உருண்டைப் பிளக்கைத்தான் வாங்கியிருக்கிறானாம். எங்கள் கொடியில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, பாயிடம் அடையாளம் சொல்லிக் கேட்டானாம். சன்னாசி வீட்டிலும் அதையே மாட்டப் போகிறார்களாம்.

தேசிங்கு, "அப்ப பிரச்சன தீந்துச்சு. நாலு படகுக்கும் ஒரே பிளக்கு" என்றான்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

நேற்று இறங்காததற்குக் காரணம் இன்று கண்டுபிடித்தேன்.

பிளக்கு ஒன்றுதான். ஆனால் அதற்குள் கம்பி மாட்டுவது அவரவர் கை. தேசிங்கு தடித்த முள்ளில் சிவப்புக் கம்பியை மாட்டியிருக்கிறான். கலியன் எதில் மாட்டியிருக்கிறான்? அவன் தடித்த முள்ளில் கறுப்பை மாட்டியிருந்தால், கடலில் ஒரு பேட்டரியைத் தூக்கிக் கொடுக்கும்போது பிளக்கு அருமையாகப் பொருந்தும், வளையம் திருகிக்கொள்ளும், கரண்டு தலைகீழாகப் பாய்ந்து வயர்லெஸ் எரிந்துபோகும். பிளக்கு வேறு வேறாக இருந்தால் பொருந்தாமல் நின்றிருக்கும், நாமும் சந்தேகப்பட்டிருப்போம். ஒரே மாதிரி இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முன்பு பொருந்தக் கூடாத இடத்தில் பொருந்தியதால் எரிந்தது. இப்போது பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தியே எரியும்.

தேசிங்கிடம் சொன்னேன். சாதம் பிசைந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"போயி கேட்டுட்டு வாடா."

"நான் போவ மாட்டேன். அவன் வந்து கேக்கட்டும்."

"அவனும் இதையேதான் சொல்லுவான்."

"அப்ப நான் அவன்கிட்ட பேட்டரி வாங்க மாட்டேன். அவ்ளோதான்."

வேதவல்லி சோற்றுப் பானையை ஓங்கி வைத்தாள். "வெளிச்சம் இல்லாம கெடந்தாலும் வாங்க மாட்டீங்களா?" என்றாள். அவன் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனான்.

ஜூன் 8, சனி

கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டு வாசலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஏ கோழி, தடிச்ச முள்ளுல செவப்பா, கறுப்பா? தெரிஞ்சா நல்லாருக்கும்."

எதிரே நின்றவள் ஆட்டின் காதைத் தடவினாள். "ஏ ஆடே, அதுக்குப் பதிலு நம்ம வூட்டுல இருக்கு. ஆனா கோழிக்கிட்ட சொல்ல முடியாதுன்னு சொல்லு. ஆளு வந்து கேக்கட்டும்."

கோழி மடியிலிருந்து குதித்து ஓடிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

போனேன்.

நடு முற்றத்தில் உட்கார்ந்து உப்புக்கண்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டு நிமிர்ந்தாள். "கோழியில்ல, ஆளுதான்" என்றாள். "வா தம்பி. வரக்காப்பி குடிப்பியா?"

"கண்ணு எப்பேருந்துக்கா இப்படி?"

"புயலடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு. ஒங்கிட்ட சொல்ல ஆட்டுக்குப் பேச்சு வரல."

காப்பி குடித்தேன். கலியன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்க மாமா" என்று முணுமுணுத்து, பிளக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுத் தூணருகில் நின்றுகொண்டான். நான் என் பிளக்கை மடியிலிருந்து எடுத்தேன். திறந்து பார்த்தோம். பயந்தபடியே இருந்தது. அவர்கள் வீட்டில் தடித்த முள்ளில் கறுப்பு, மெலிந்த முள்ளில் சிவப்பு. எங்களுடையதற்கு நேர்மாறு.

"யாரு மாத்துறது?" என்றான் கலியன், தூணைப் பார்த்தபடி.

"இதுல என்னா பஞ்சாயத்து?" என்றாள் அக்காள். என் விரலைப் பிடித்து பிளக்கின் முகத்தில் வைத்து, மெலிந்த முள்ளின் பக்கம் நகர்த்தினாள். "தடவிப் பாரு. சின்னதா ஒரு சிலுவை தட்டுப்படுதா?"

தட்டுப்பட்டது. உளுந்தம் பருப்பு அளவுக்கு ஒரு கூட்டல் குறி, கறுப்பின் மேல் கறுப்பாக மேடிட்டு. பேட்டரியில் சிவப்புக் கம்பி போகிற பக்கத்தில் அதே குறிதான் இருக்கும். படகில் போகிற எல்லோருக்கும் அது தெரியும். கண் தெரிகிற எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. எங்களுக்குத் தடிப்புதான் கண்ணில் பட்டது. தடிப்புதான் சிவப்பாக இருக்கும் என்று நினைத்தோம். அவளுக்கு எல்லாவற்றையும் தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் முதல் நாளே தட்டுப்பட்டுவிட்டது. "என்னாடா இது சிலுவைன்னு கேட்டேன், அதுலதான் இவன் செவப்ப மாட்டுனான்" என்றாள்.

ஆக, மாட்டியது தப்பு எங்கள் வீட்டில். வேதவல்லி, இந்த வரியைச் சின்ன எழுத்தில் எழுது.

அவள் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறாளாம்.

ஜூன் 10, திங்கள்

தேசிங்கு குதித்தான். "அவன் சொல்லி நான் மாத்துறதா?"

"அவன் சொல்லலடா. பிளக்கு சொல்லுது. தடவிப் பாரு."

நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு திருப்புளி எடுத்துக்கொண்டு படகுக்குப் போனான். சன்னாசி வீட்டுக்கும் அவனே போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம். சன்னாசி சரியாகவும் அவன் தம்பி தப்பாகவும் மாட்டியிருந்தார்களாம். மெலிந்த முள்ளின் பக்கத்தில் நாலு படகிலும் சிவப்பு நகப்பூச்சு வைத்தார்கள். வேதவல்லியுடையது. பாதிப் புட்டி காலியாகிவிட்டது என்று குறைப்படுகிறாள்.

கலியன் படகில் பூச்சு வைத்தது சன்னாசி. தேசிங்கு அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூன் 15, சனி

நாலு படகும் இறங்கின.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் கரை சேர்ந்துவிட்டார்கள். வலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சன்னாசி ஓடி வந்து சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

கப்பல் பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது தேசிங்கின் பேட்டரி இறங்கிவிட்டது. விளக்கு மங்கி, வயர்லெஸ் ஊமையாகிவிட்டது. பக்கத்தில் இருந்த படகு கலியனுடையதுதான். தேசிங்கு டார்ச்சை மூன்று முறை ஆட்டியிருக்கிறான், அவ்வளவுதான். கலியன் கேட்கவும் இல்லை, பேசவும் இல்லை. படகை ஒட்டிக் கொண்டுவந்து, ஒரு பேட்டரியைத் தூக்கி இந்தப் படகில் வைத்துவிட்டு விலகிப் போய்விட்டான். தேசிங்கு சுவிட்சை அணைத்தான். பூச்சைப் பார்த்துச் சொருகினான். வளையத்தைத் திருகினான். சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. வயர்லெஸ்ஸில் முதலில் கேட்டது கலியனின் குரல்தானாம்.

"மச்சான், கேக்குதா?"

"கேக்குது மச்சான்."

இவ்வளவுதான் பேசினார்கள். கரைக்கு வந்த பிறகு மறுபடி பேச்சில்லை. பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தது சன்னாசி வழியாக. இருக்கட்டும். கடலில் கொடுத்தான், அது போதும்.

சாயங்காலம் வேதவல்லி கேட்டாள்: "பேச்சில்லாதவனுக்கும் குடுக்கணும்னு மொதல்ல யாரு மாமா சொன்னது?"

சொல்கிறேன், எழுது. எழுபத்தேழு புயலுக்கு அடுத்த மார்கழி. புயல் தின்றது போகத் தெருவில் இரண்டே இரண்டு கட்டுமரம்தான் மிச்சம். ஒன்றில் போன நான், துடுப்பாகப் போடுகிற சவளமரம் ஒடிந்து, அலை உடைகிற இடத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டு கிடந்தேன். கரையில் கிடந்த இன்னொன்று சன்னாசியின் அப்பா வேலாயுதத்துடையது. வேலாயுதத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் அப்போது பேச்சில்லை. என் அப்பா கரையில் நின்றாரே தவிர, போய்க் கேட்க வாய் வரவில்லை. அத்தான் நாகமுத்துவும் நின்றார். எல்லா ஆம்பளைகளும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அப்போது கலியனை வயிற்றில் வைத்திருந்த ஒருத்தி, நேராக வேலாயுதத்தின் முன்னால் போய், "பேசாட்டிப் போ, மரத்தைக் குடு" என்றாள். வேலாயுதம் கட்டுமரத்தைக் கடலில் தள்ளினார். அன்று மாலையே அவளும் அந்த மூன்று ஆம்பளைகளுமாக நாலு பேரும், பேச்சில்லாவிட்டாலும் கடலில் கேட்டால் கொடுப்பது என்று கடல் தண்ணீரைக் கையில் எடுத்து வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். நான் அதில் இல்லை. வயிற்றில் குடித்த உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்துக்கொண்டு மணலில் கிடந்தேன்.

அந்த நாலு பேரில் என் அப்பா தேசிங்கு போய்விட்டார். அவர் பேரைத்தான் மகனுக்கு வைத்தேன். அத்தான் நாகமுத்து சுனாமியில் போனார். வேலாயுதம் கஜாவுக்கு முந்தின கோடையில் போனார்.

இன்னும் உயிரோடு இருப்பது எதிர் வீட்டில், என் அக்காள் பொன்னுருவி.